மூணாவது மிதி

இந்தக் கவருக்குள்ள என்ன இருக்குன்னுதான தம்பி பாக்கீங்க? மடியில வைக்கவும் முடியல, மேல பலகையில வச்சா மடங்கிருமோன்னு பயமாவும் இருக்கு. ஸ்கேன் படம். என் கோபத்தப் படம் புடிச்சுக் குடுத்திருக்காங்க. சிரிக்காதீங்க, மெய்யாத்தான் சொல்லுதேன். ஊரையே விரட்டுன கோபம், பாத்தா எலுமிச்சம்பழம் தண்டிதான் இருக்கு.

நீங்க சங்கரன்கோவில் வரைக்குமா? நான் வன்னிக்கோனேந்தல்ல இறங்கிருவேன். இப்பத்தான் ராமையன்பட்டி தாண்டுது, நேரம் கிடக்கு. நடுவுல என் சத்தம் கூடுச்சுன்னா பயந்துறாதீங்க. ஏறும்போதே கண்டக்டர்கிட்ட ஒரு பாட்டம் கத்துனேன், பாத்திருப்பீங்க. பாவம், கவரை சீட்டுக்கு அடியில வையுங்கன்னுதான் சொன்னாரு. "என் உயிரையா சீட்டுக்கு அடியில வைக்கச் சொல்லுதீரு"ன்னு கேட்டுட்டேன். அவரு என்னத்தக் கண்டாரு.

என் பேரு பேச்சிமுத்து. பாளையங்கோட்டையில பேச்சிமுத்து மாஸ்டர்னா கல்யாண மண்டபத்துல எல்லாருக்கும் தெரியும். என் சமையலுக்குத் தெரிஞ்சத விட என் வாய்க்குத்தான் தெரியும். ஒரு தடவ பந்தியில உக்காந்து, சாம்பார் கொஞ்சம் தண்ணியா இருக்கேன்னு ஒருத்தரு சொன்னாரு. மாப்பிள்ளைக்குச் சித்தப்பா. எந்திரிக்க வச்சு, அடுப்புகிட்ட கூட்டிட்டுப் போயி, கரண்டியக் கையில குடுத்து, "அப்ப நீரே வையும்"ன்னு சொன்னவன் நான். அந்தாளு வேட்டி நுனியப் புடிச்சுக்கிட்டு அழாத குறை. அதையும் பெருமையாத்தான் இத்தன நாளு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

எனக்கு ஒரு தம்பி உண்டு. கொம்பையா. அவனப் பாக்கத்தான் இப்பப் போறேன். எங்கூட அடுப்புல இருபது வருசம் நின்னவன். பதினோரு வருசமா எங்களுக்குள்ள பேச்சு கிடையாது. என்ன சண்டைன்னு கேப்பீங்க. ஒரு மண்டபம், முந்நூறு இலை, பாயாசம் போகணும். அவன் உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு நக்கிப் பாத்துட்டு, எங்காதுல வந்து, "அண்ணே, சீனிக்குப் பதிலா உப்பு விழுந்துட்டு"ன்னான். யாரு போட்டா, எப்படி விழுந்துச்சு, அதெல்லாம் இப்ப எதுக்கு, விடுங்க. பொண்ணு வீட்டுக்காரங்க எட்டிப் பாத்தாங்க. எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ, "பாவி, கெடுத்தியேடா"ன்னு கையில இருந்த கரண்டியால அவன் தோள்ல ஒண்ணு போட்டேன். பந்தியே திரும்பிப் பாத்துச்சு. கரண்டி கீழ விழுந்துட்டு. அவன் அதக் குனிஞ்சு எடுத்தான். கழுவுனான். அண்டா மூடி மேல வச்சான். வெளிய போயிட்டான். அதுக்கப்புறம் பொண்டாட்டி ஊரு வன்னிக்கோனேந்தல்ல இட்லிக் கடை வச்சுப் பொழைக்கான்.

சரி, வியாதிக்கு வருவோம். ஒரு மூணு நாலு வருசமா எனக்கு ஒரு மாதிரி வரும். திடீர்னு நெஞ்சு தடதடன்னு அடிக்கும். தலை வெடிக்கும். சட்டை தொப்பலா நனைஞ்சிரும். கால் மணி நேரத்துல ஒண்ணும் இல்லாமப் போயிரும். அடுப்படியில நிக்கவனுக்கு வேர்க்கிறது ஒரு வியாதியான்னு விட்டுட்டேன். பிரஷர் பாக்கப் போனா ஒரு நாளு ஆகாசத்துல இருக்கும், மறுநாளு சின்னப்பிள்ளைக்கு இருக்கிற மாதிரி இருக்கும். மிஷின் சரியில்லன்னு நர்ஸம்மாகிட்ட சண்டை போட்டேன். ரெண்டு வருசத்துக்கு முன்னால மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வச்சாங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை. இதயம் நூத்துக்கு முப்பதுதான் வேலை செய்யிதுன்னாங்க. "வேலையாளு எல்லாம் எனக்கு அப்படித்தான் வாய்க்கும்"ன்னேன். அந்த டாக்டரு சிரிக்கல.

போன ஐப்பசியில இடது விலாவுக்குக் கீழ புடிச்சுக்கிட்டு. நம்ம ஊருல தலை வலிச்சாலும் வாயு, கால் வலிச்சாலும் வாயுதான? நானே வைத்தியன். பூண்டச் சுட்டுத் தின்னேன். பெருங்காயத்தத் தண்ணியில கரைச்சுக் குடிச்சேன். ஓமத் தண்ணி குடிச்சேன். ரசம் வைக்கத் தேவையான எல்லாம் வயித்துக்குள்ள போயிட்டு, புளி ஒண்ணுதான் பாக்கி. வலி மட்டும் நகரல.

எம் பொண்டாட்டி செண்பகம் சொன்னா, "கொம்பையாவக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்லுவமா?"

ஒங்க பக்கம் இது உண்டுமா? காலு முன்னால வந்து பிறந்தவங்க மிதிச்சா இடுப்புப் பிடிப்பு விட்டுரும்பாங்க. கொம்பையா அப்படிப் பிறந்தவன். ஆறு வயசுல இருந்து ஊரையே மிதிச்சவன். வாசப்படிக்கு நேரா குப்புறப் படுக்கணும், அவன் இடது கால வச்சு மூணு மிதி. ஒருத்தர்கிட்டயும் கைநீட்டி ஒண்ணு வாங்க மாட்டான், வெத்தல கூட. எத்தனையோ பேரு வளைஞ்சு வந்து நிமிந்து போயிருக்காங்க, என் கண்ணால பாத்திருக்கேன்.

நான் முடியாதுன்னேன். அவ போன் போட்டுட்டா. அவன் மொத பஸ்ஸப் புடிச்சு வந்துட்டான் தம்பி. பதினோரு வருசம் கழிச்சு, கூப்பிட்ட சத்தத்துக்கு வந்து நிக்கான். நான் என்ன செஞ்சேன்? மூஞ்சியச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டேன். செண்பகத்துகிட்ட, "மிதிக்கச் சொல்லு, பேச வேண்டாம்னு சொல்லு"ன்னேன். அவன் அங்கனதான் நிக்கான், அவனுக்கும் காது இருக்கு. இருந்தாலும் எங்களுக்கு நடுவுல செண்பகம்தான் போஸ்ட் ஆபீசு.

குப்புறப் படுத்தேன். மொத மிதி. ரெண்டாவது மிதி. மூணாவது மிதி விழுந்துச்சு பாருங்க, எனக்குள்ள என்னமோ பிச்சுக்கிட்டு. கண்ணு இருண்டுட்டு. நெஞ்சு தறிகெட்டு ஓடுது. செண்பகம் கத்துறது எங்கேயோ கிணத்துக்குள்ள இருந்து கேக்கிற மாதிரி கேக்கு. நூத்தியெட்டு வண்டி வந்து தூக்கிட்டுப் போனாங்க. பிரஷர் இருநூத்தி நாப்பதாம். கொஞ்ச நேரத்துல எம்பதாம். மேலயும் கீழயும் ராட்டினம்.

பெரிய ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்தாங்க. டாக்டர் ஜெசிந்தான்னு ஒரு அம்மா. நல்லாச் சொல்லுவாங்க. சிறுநீரகம் இருக்குல்லா, அதுக்கு மேல தொப்பி வச்ச மாதிரி ஒரு சுரப்பி உண்டாம். இடது பக்கத் தொப்பிக்குள்ள ஒரு கட்டி. மூணாவது மிதியில அது உள்ளுக்குள்ள உடைஞ்சு ரத்தம் கசியுது. நான் தின்ன மாத்திரை வேற ரத்தத்த உறைய விடமாட்டேங்குது.

ஆபரேஷன் பண்ணி எடுத்துருங்கன்னு எம் மருமகன் சொன்னாரு. மயக்க டாக்டரு என் இதயக் கணக்கப் பாத்துட்டுத் தலைய ஆட்டுனாரு. இந்த இதயத்துக்கு மயக்க மருந்து குடுத்து, இந்தப் பிரஷர்ல கட்டியத் தொட்டா, மேசையிலயே போயிருவாருன்னு சொல்லிட்டாரு. நான் முழிச்சுக்கிட்டுத்தான் கிடக்கேன். எனக்கு எதிர்க்கயே சொல்லுதாரு. அப்பத்தான் தம்பி எனக்கு மெய்யாவே பயம் வந்துச்சு. செத்துருவேன்னு தெரிஞ்சுட்டு.

ஜெசிந்தாம்மா எங்கிட்ட வந்து, "நீங்க என்ன வேலை பாக்கீங்க?"ன்னு கேட்டாங்க. சமையல்னேன். "கொதிக்கிற அண்டாவத் தூக்குவீங்களா?"ன்னாங்க. "மாட்டேன், மொத அடுப்ப அணைப்பேன்"ன்னேன். "அதத்தான் செய்யப்போறோம், அண்டாவத் தூக்கல"ன்னாங்க. எனக்குப் புரிஞ்சுட்டு.

இதய டாக்டர்கிட்ட கலந்துக்கிட்டு ரத்த மாத்திரைய நிறுத்துனாங்க. பிரஷர அடக்க வேற ஒரு மருந்து ஏத்துனாங்க. பிறகு தொடையில ஒரு ஓட்டை போட்டு, நூல் மாதிரி ஒரு குழாய ரத்தக் குழாய்க்குள்ள விட்டு, டிவியில பாத்துக்கிட்டே கட்டிக்குத் தீனி போற குழாய் வரைக்கும் கொண்டு போயி, அந்த வாயில அடைச்சுட்டாங்க. நான் முழிச்சுத்தான் இருந்தேன். உள்ள ஏதோ பண்ணும்போது நெஞ்சு ஒரு தடவ தெறிச்சுச்சு. ஊசிய ஏத்தி அமத்துனாங்க. கத்தி வைக்கல, தையல் போடல. ரத்தம் நின்னுட்டு.

அதுக்குப் பிறகு ஒம்பது நாளு சும்மா படுத்துக் கிடக்கணும். தினம் ரத்தம் எடுப்பாங்க, வயித்தப் பாப்பாங்க, பிரஷர் பாப்பாங்க, போயிருவாங்க. என்னம்மா ஒண்ணுமே செய்ய மாட்டேங்கீங்கன்னு கேட்டேன். "பாத்துக்கிட்டு இருக்கிறதும் வைத்தியம்தான்"னாங்க. நமக்கு அது பழக்கமில்லயே. ஒரு நிமிசம் கிண்டாம நின்னா அடி புடிச்சிரும்னு அம்பது வருசமா கரண்டி போட்ட கை இது.

ஒரு பரிசோதனை சொல்லுதேன் கேளுங்க. ஒரு நாளு பூரா மூத்திரத்தக் கேன்ல சேத்துக் குடுக்கணும். மண்டபத்துல மோர்க் கேனத் தூக்கிக்கிட்டு, "வழிய விடுங்க வழிய விடுங்க"ன்னு கத்துன பேச்சிமுத்து மாஸ்டரு, அஞ்சு லிட்டர் கேனக் கையில புடிச்சுக்கிட்டு வராந்தாவுல மெள்ள நடக்கேன். எல்லாரும் தானாவே வழிவிட்டாங்க.

சாப்பாடு? உப்பில்லாத கஞ்சி. வார்டுக்கு மாத்துனதுல இருந்து செண்பகம் தூக்குச் சட்டியில கொண்டு வருவா. "எவன் வச்ச கஞ்சிடீ இது, ஆஸ்பத்திரி கேன்டீன்காரன் வெளங்க மாட்டான்"னு ரெண்டு வேளையும் திட்டுவேன். திட்டிக்கிட்டே தூக்க வழிச்சுக் குடிச்சிருவேன். உப்பு இல்லயே தவிர, பக்குவம் அப்படி. குறுணை உடைஞ்சும் உடையாம நிக்கும்.

மூத்திரச் சோதனை முடிவு வந்துச்சு. ஜெசிந்தாம்மா விளக்குனாங்க. கோபம் வந்தா, பயம் வந்தா, ஒடம்பு ஒரு சரக்க ரத்தத்துல எறக்குமாம். அந்தக் கட்டி, கோபமே இல்லாதப்பவும் அதே சரக்க மூட்டை மூட்டையா எறக்கிக்கிட்டு இருந்திருக்கு.

எனக்கு வந்த சந்தோசத்த நீங்க பாக்கணுமே! அப்ப நான் கெட்டவன் இல்ல, கட்டிதான் கெட்டது! படுத்த படுக்கையில போன் போட்டேன். மருமகனுக்கு, பழைய வேலையாட்களுக்கு, மூலைக்கடை டீக்கடைக்காரருக்கு. "நான் திட்டுனது நான் இல்லவே, கட்டி"ன்னேன். அந்தச் சித்தப்பா நம்பரு கிடைக்கல, கிடைச்சிருந்தா அவருக்கும் போட்டிருப்பேன். செண்பகம் முறத்துல அரிசி புடைக்கிற மாதிரி தலைய ஆட்டிக்கிட்டே கேட்டா.

பாக்க வர்றவங்ககிட்ட இன்னொண்ணும் சொன்னேன். சொல்லக் கூடாதத. "பதினோரு வருசக் கோபத்தையும் ஒரே மிதியில இறக்கிட்டான்வே எந் தம்பி"ன்னு. வர்றவங்க உச்சுக் கொட்டுனாங்க. உச்சுக் கொட்டக் கொட்ட நானும் சொன்னேன். கட்டிலச் சுத்தி ஆளு நின்னா எனக்கு வாய் நிக்காது.

வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் கழிச்சு மறுபடியும் காட்டப் போனோம். எலுமிச்சம்பழமா இருந்த கட்டி சுருங்கி நெல்லிக்காயாப் போச்சு. பிரஷர் படிஞ்சுட்டு. ஆபரேஷன் இப்பவும் வேண்டாம், மாத்திரையும் ஸ்கேனுமா பாத்துக்கிடலாம்னாங்க. அப்ப நான் கேட்டேன், "அம்மா, எனக்கு ஒரு சர்டிபிகேட் வேணும்."

"என்ன சர்டிபிகேட்?"

"எங்கோபத்துக்குக் காரணம் கட்டிதான்னு. சீல் வச்சு. ஒரு ஆளுக்குக் காட்டணும்."

அந்தம்மா பேனாவ எடுத்துட்டாங்க. எடுத்துட்டு, "எந்த வருசத்துக் கோபம்?"னு கேட்டாங்க. பதினோரு வருசம்னேன். என் பழைய பைலப் பிரட்டுனாங்க. ஏழு வருசத்துக்கு முன்னால எனக்குக் கல்லடைப்பு வந்து ஒரு ஸ்கேன் எடுத்தது உள்ள கிடந்துச்சு. நாந்தான் ஒரு காயிதத்தையும் தூரப் போடமாட்டேனே. அதையும் ஐப்பசியில எடுத்த படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு விளக்குல காட்டுனாங்க. "இதுல பாருங்க. அப்பக் கட்டியே இல்ல. சுத்தமா இருக்கு."

அதான் தம்பி விசயம். கரண்டியால அடிச்சது கட்டி இல்ல. நாந்தான். சுத்தமான நான்.

பேனாவ மூடி வச்சுட்டு அந்தம்மா, "ஒங்கள மிதிச்சவரு எப்படி இருக்காரு?"ன்னு கேட்டாங்க. ரெண்டு மாசத்துல ஒருத்தரும் கேக்காத கேள்வி. நானும் கேக்கல. "வலின்னு வர்றவங்கள ஸ்கேன் எடுக்காம மிதிக்க வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லுங்க. ஆனா இதையும் சொல்லுங்க, இது என்னைக்கானாலும் உடைஞ்சிருக்கும். நீங்க தனியா இருக்கும்போது உடைஞ்சிருந்தா எங்ககிட்ட வந்து சேந்திருக்க மாட்டீங்க"ன்னாங்க.

வெளிய வந்து பெஞ்சுல உக்காந்தேன். செண்பகம் அப்பத்தான் வாயத் திறந்தா. அந்த ஒம்பது நாளும் கொம்பையா கீழ சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கமே நின்னானாம். மேல வரல. பக்கத்துல ஒரு லாட்ஜுல ரூம் எடுத்து, ஸ்டவ் வச்சு, கஞ்சி அவந்தான் வச்சுக் குடுத்தானாம். "நீங்க தூக்க வழிச்சுக் குடிச்சீகன்னு சொன்னா அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. நீங்க திட்டுனத நான் சொல்லல"ன்னா. நான் படுக்கையில சொன்ன பேச்சு அவன் காதுக்கும் போயிருக்கு. ஊருக்குப் போனதுல இருந்து ஒருத்தரையும் மிதிக்கலையாம். வாசல்ல வந்து நிக்கவங்களத் திருப்பி அனுப்பிருதானாம். இட்லிக் கடையையும் பாதி நாளு திறக்கிறது இல்லையாம். "அண்ணனக் கொன்ன காலு"ன்னு சொல்லிக்கிட்டுத் திரியிதானாம். நான் உயிரோட இருக்கும்போதே தம்பி!

எனக்கு அழுக வந்துட்டு. சும்மா இல்ல, ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து மூக்கு ஒழுக அழுதேன். பிறகு செண்பகம் ஒண்ணு கேட்டா. "மூணாவது மிதிக்கு முன்னால நீங்க என்ன சொன்னீகன்னு ஞாபகம் இருக்கா?"

இருக்கு. அன்னைக்கு ஞாபகம் இருந்துச்சு, இன்னைக்கும் இருக்கு. யார்கிட்டயும் நான் சொல்லல, அவ்வளவுதான். அவன் மொத ரெண்டு மிதியும் பூ மாதிரி வச்சான். என் இதயம் பலமில்லன்னு செண்பகம் சொல்லி அவனுக்குத் தெரியும். நான் சுவத்தப் பாத்துக்கிட்டு, செண்பகத்துகிட்ட சொன்னேன், "என்னடீ, ஒன் கொழுந்தன் சோறு திங்கலையா? இது மிதியா, எறும்பு ஊருதா? ஆம்பளன்னா ஓங்கி மிதிக்கச் சொல்லு." அவன் மெள்ள, "வேண்டாம் மதினி"ன்னான். நான் விடல. "பயந்தாங்குளி, அன்னைக்கே மண்டபத்த விட்டு ஓடுன பயதான"ன்னேன். அதுக்குப் பிறகுதான் அந்த மூணாவது மிதி.

"நாலு பேரு முன்னால அடிச்சீக, நாலு பேரு முன்னால பழி சொன்னீக. உள்ளுக்குள்ள வச்சு மன்னிப்புக் கேக்காதீக"ன்னா செண்பகம். நாப்பது வருசத்துல அவ எனக்குச் சொன்ன ஒரே புத்தி இதுதான். மத்ததெல்லாம் சொல்லிருப்பா, எனக்குத்தான் கேட்டிருக்காது.

அதான் இப்பப் போறேன். சர்டிபிகேட் கிடைக்கல, ரெண்டு படத்தையும் எடுத்துக்கிட்டேன். கட்டி இருக்கிறது ஒண்ணு, இல்லாதது ஒண்ணு. அவன்கிட்ட காட்டி, மொத மண்டபத்துக் கதையச் சொல்லி, பிறகு மிதிச்ச கதையச் சொல்லி, மெதுவா, மரியாதையான்னு நேத்துப் பூரா சொல்லிப் பாத்தேன். தேவர்குளம் தாண்டிட்டா? தாண்டிட்டுதே. செண்பகம் அவனுக்குப் போன்ல சொல்லியிருக்கா. ஸ்டாப்புல வந்து நிப்பானோ என்னவோ. நிக்கலன்னா வீட்டுக்குப் போவேன். கதவத் திறக்கலன்னா வாசல்லயே குப்புறப் படுத்துருவேன், தாண்டித்தான போகணும்.

என் மணிக்கட்டக் கொஞ்சம் புடிச்சுப் பாருங்க. அடிக்கில்லா? கட்டி இல்ல தம்பி. அதுக்குத் தீனி வாயிலயே அடைச்சாச்சு, பிரஷர் மாத்திரையும் காலையிலயே போட்டாச்சு. இது வெறும் பயம். சொந்தப் பயம்.

அந்தா... அந்தா நிக்கான் பாருங்க. வேப்பமரத்துக்குக் கீழ, சட்டை போட்டுக்கிட்டு, கையக் கட்டிக்கிட்டு. ரொம்ப இளைச்சுட்டானே. பஸ்ஸு பக்கத்துல வரவும் பின்னால பின்னால போறான் பாருங்க. போயிருவான் போலிருக்கே! இந்தக் கவரக் கொஞ்சம் புடிங்க. சன்னலத் தள்ளுங்க, தள்ளுங்க தம்பி, மேல தூக்குங்க!

ஏலே கொம்பையா! நில்லுலே! ஓங்கி மிதிக்கச் சொன்னது நாந்தாம்லே! ஒம்மேல ஒரு தப்பும் இல்லலே! அன்னைக்குப் பாயாசத்துல உப்பக் கொட்டுனதும் நாந்தாம்லே! கேக்கா? நாந்தான் கொட்டுனேன்!

என்ன தம்பி, பஸ்ஸே திரும்பிப் பாக்கா? பாக்கட்டும். அதுக்குத்தான் கத்துனேன்.